இருபது மாடிக் கட்டடம்

பிப்ரவரி 9

வார்டன் அம்மாவுக்கு,

போனில் உன்னோடு சண்டை போட முடியாது. நல்ல காதை விட்டுவிட்டுக் கேட்காத காதில் போனை வைத்துக்கொண்டு, நான் கத்துவதற்கெல்லாம் "ஆமாண்டா, இங்கயும் வெயில்தான்" என்கிறாய். அது காதின் குறையா, உன் சாமர்த்தியமா என்று இந்த அறுபத்தேழு வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ தப்பிக்க முடியாது.

நேற்று பாப்பா போன் செய்தாள். என் மகள் எப்போதும் எடுத்த எடுப்பில் அவள் வீட்டுக் குழாய், ஆபீஸ் மேனேஜர், முதுகுவலி என்று ஒரு பாட்டம் புலம்புவாள். நான் ‘ம்’ கொட்டுவேன். அதுதான் எங்கள் பேச்சு, எங்களுக்கு அது போதும். நேற்று அவள் புலம்பவில்லை. "அப்பா, எப்படி இருக்கீங்க? நிஜமாச் சொல்லுங்க" என்றாள். நோயாளியைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவர்களின் குரல். யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த யாரோ நீதான் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

முதல் தடவை எனக்கு அந்த மனச்சோர்வு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. நான் மனநல ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அவள் அம்மா அவளிடம் என்ன சொன்னாள் தெரியுமா? அப்பா வெளியூரில் ஒரு இருபது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் போடப் போயிருக்கிறார் என்றாள். திரும்பி வந்தபோது நான் பாதியாக இளைத்திருந்தேன். பாப்பா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. "அவ்வளவு மேல போறப்ப காது அடைக்குமாப்பா?" என்றுதான் கேட்டாள். அடைக்கும் என்றேன். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் காலேஜில் இருந்தபோது இரண்டாம் தடவை வந்தது. அப்போதும் வெளியூர் வேலைதான். மூன்றாம் தடவை பொய் சொல்ல என் மனைவி உயிரோடு இல்லை. அதனால் நான் போனையே எடுக்கவில்லை.

என் வாழ்க்கையில் நாலு மாடி, ஆறு மாடிக்கு மேல் நான் லிஃப்ட் போட்டதில்லை. பழுது பார்த்ததுதான் அதிகம். ஆனால் என் மகளுக்கு நான் இருபது மாடி ஏறி வந்த ஆள். அந்தக் கட்டடத்தை நீ ஒரே போனில் இடித்துத் தள்ளிவிட்டாய்.

ஒன்று செய். வயசாகிவிட்டது, ஏதோ மிகைப்படுத்திச் சொல்லிவிட்டேன் என்று அவளுக்கு எழுது. அதுவரை எனக்கு எழுதாதே.

உன் தம்பி


பிப்ரவரி 20

சிடுமூஞ்சிக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன ஹாஸ்டல் பெண்ணா? ஹாஸ்டல் வார்டனாக முன்னூறு பெண்களை அடக்கி ஆண்டவளிடம் உத்தரவு போடுகிறாய்.

நடந்ததைக் கேள். நானாக ஒன்றும் போன் செய்து உன் கதையைக் கடை பரப்பவில்லை. உன் மகள்தான் செய்தாள். என் கதைதான் உனக்குத் தெரியுமே, போனில் நல்ல காதிலும் சரியாக விழாது, வீட்டுக்குக் கீழே இருக்கும் மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, அவர் கேட்டுக் கேட்டு என் நல்ல காதில் கத்த வேண்டும். "அத்தை, அப்பாவுக்கு என்மேல என்ன கோபம்? அம்மா போன பிறகு அத்தனை மாசம் ஏன் என்கிட்டப் பேசல?" என்று கேட்டாளாம். மனுஷருக்கு அதைக் கத்திச் சொல்லவே தயக்கம். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவ்வளவு காலமும் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் உள்ளுக்குள் வெந்திருக்கிறாள். அம்மாவின் கடைசி நாட்களில் தான் லேட்டாக வந்ததுதான் காரணம் என்று தானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்? உன் கட்டடத்துக்குக் காவல் இருக்கட்டுமா? "அவனுக்கு உன்மேல கோபம் இல்லடி, உடம்பு சரியில்ல. மூணு தடவை வந்திருக்கு" என்று சொன்னேன். போனில் அவள் அழுதாளாம். அது நிம்மதி அழுகைதான் என்று கடைக்காரர் சொன்னார்.

மிகைப்படுத்திச் சொல்லிவிட்டேன் என்று எழுத மாட்டேன். நீதான் எனக்கு ஒரு வரி எழுத வேண்டும், "அக்கா, நீ செய்தது சரி" என்று. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அந்த வாக்கியம் உன் வாயில் வந்ததில்லை. சாவதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை.

முழங்கால் வலி பாடாய்ப் படுத்துகிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

அக்கா


மார்ச் 6

வார்டன்,

அந்த வரி கிடைக்காது. காத்திருந்து ஏமாறாதே.

பாப்பா நிம்மதியாக அழுதாள் என்கிறாய். இப்போது தினமும் காலையில் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, வெளியே போனீங்களா என்று வரிசையாகக் கேட்கிறாள். உன்னிடம் பயிற்சி எடுத்தாளோ என்னவோ. நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். முன்பு பொய்யை அவள் அம்மா சொன்னாள், இப்போது நானே சொல்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கால் எரிச்சலுக்கு ஒன்று என்று என் சாப்பாட்டு மேசையே உன் கடைக்காரரின் மேசை மாதிரி ஆகிவிட்டது. அதில் மனசுக்கான மாத்திரையை மட்டும் புத்தாண்டுக்கு முன்பே நிறுத்திவிட்டேன். டாக்டர் சொல்லவில்லை, நானேதான். நன்றாகத்தானே இருந்தேன். நன்றாக இருக்கிறவன் எதற்கு மாத்திரை போட வேண்டும்?

இப்போது கொஞ்சம் அசதி. விடிவதற்கு வெகு நேரம் முன்பே முழிப்பு வந்துவிடுகிறது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். முனைக் கடைக்கு டீ குடிக்கப் போவதை விட்டுவிட்டேன், டீ சப்பென்று இருக்கிறது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு உலுக்கு உலுக்குகிறது. கதவுப் பூட்டில் மின்சாரம் பாயும் தொடுமுனை தேய்ந்திருக்கும், கால் மணி நேர வேலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கிறேன்.

வயசு, வேறொன்றும் இல்லை. உனக்கு முழங்காலில் என்றால் எனக்கு எல்லாவற்றிலும்.

தம்பி


மார்ச் 15

சிடுமூஞ்சி,

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினாயா? எந்தக் காலத்தில் நீ சொன்ன பேச்சைக் கேட்டாய். போய் அவரைப் பார். பார்த்துவிட்டு எழுது.

அசதிக்கு ரொம்ப யோசிக்காதே. இந்த வயதில் யாருக்குத்தான் இல்லை? எனக்கும் காலையில் எழுந்து பல் தேய்த்து முடிப்பதற்குள் ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. நாலு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும். லிஃப்டை முதலில் பார். நீ குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் உலுக்கினால் வெளியில் சொல்ல முடியுமா?

பாப்பாவிடம் பொய் சொல்லாதே. அவள் கேட்பது உன்மேல் பிரியத்தினால். அதை ஒத்துக்கொண்டு, எனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வரியையும் எழுதி அனுப்பு. நான் விடப் போவதில்லை. நம் அப்பா சொல்வார், உனக்கும் எனக்கும் ஒரே பிடிவாதத்தை இரண்டாக வெட்டிக் கொடுத்திருக்கிறது என்று. என் பாதி இன்னும் கெட்டியாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பாப்பாவிடம் நீ சொன்னது சரிதான். நான்தான் வீணாகக் கோபப்பட்டேன். என்னால் உனக்கு எப்போதுமே கஷ்டம்தான். நான் எழுதியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே, மன்னித்துவிடு.

லிஃப்டை நான் பார்க்கவில்லை. கம்பெனியிலிருந்து வரும் மெக்கானிக் பார்த்தார். நல்ல மனிதர். என் கருவிப் பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டேன். இனி எனக்கு எதற்கு? அவருக்காவது உதவும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 9

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாவது தடவையும் படித்தேன். கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என் தம்பி மன்னிப்புக் கேட்டிருக்கான், பாருங்க" என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மரியாதையாக எழுதுகிறாரே என்றார். மரியாதையா, இவனுக்கா என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கே ஏற்கெனவே ஒரு ரிட்டயர்மென்ட் போட்டோவும் பேருந்து நேர அட்டையும் இருக்கின்றன. நேர அட்டையை எடுத்துவிட்டு உன் மன்னிப்பை வைத்தேன். தினமும் டீ குடிக்கும்போது படித்து மகிழ்வேன்.

ஒரு வாரமாக எனக்கு முழங்கால்கூட அவ்வளவு வலிக்கவில்லை. வயதானால் மனிதர்களுக்குக் கொஞ்சம் கனிவு வரத்தான் செய்யும் போலிருக்கிறது. உனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, போகட்டும்.

கருவிப் பெட்டியைக் கொடுத்துவிட்டாயா? உன் மனைவி தொட்டாலே குதிப்பாயே. சரி, தூக்க முடியாமல்தான் கொடுத்திருப்பாய். டாக்டரைப் பார்த்தாயா?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நீ மகிழ்ச்சியாக இருப்பது அறிந்து எனக்கும் சந்தோஷம்.

டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். அவருக்கும் எத்தனையோ வேலை. பாப்பாவுக்கும் வேலை அதிகம். தினமும் போன் செய்ய வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் நான் ஒரு சுமையாகிவிட்டேன். என்னால் உங்களுக்கெல்லாம் இனியும் தொந்தரவு இருக்கக் கூடாது.

சின்ன வயதில் நீ எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறாய். நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 27

டேய்,

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் பாப்பா வந்து நிற்பாள். கதவைத் திற. அவள் பஸ் ஏறிவிட்டாள். நானும் வருகிறேன், ரயிலில் இடம் கிடைத்த முதல் நாளே.

நான் ஒரு முட்டாள். முன்னூறு பெண்களில் எவளுக்குக் காய்ச்சல் வரப் போகிறது என்று சாப்பாட்டு அறையில் அவள் கரண்டி பிடிப்பதைப் பார்த்தே சொல்லுவேன். உன்னைக் கோட்டை விட்டுவிட்டேன். நீ எனக்கு நன்றி சொல்லி எழுதியதைக் கடைக்காரரிடம் காட்டப் போனேன். படிக்கட்டின் பாதியில் கால் நின்றுவிட்டது. இவன் ஏன் எனக்கு நன்றி சொல்கிறான்?

உன் மனைவி ஒரு தடவை என்னிடம் சொன்னாள். உனக்கு இரண்டாம் தடவை வந்து நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய், நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "அண்ணி, அவர் கத்தினா எனக்குக் கவலையே இல்ல. சாம்பார் கரண்டியை எதுக்கு இங்க வச்சேன்னு ஒரு மணி நேரம் சண்டை போடட்டும். என்னைக்கு ‘நீ சொல்றதுதான் சரிம்மா’ன்னு சொல்றாரோ அன்னைக்குத்தான் எனக்குப் பயம்" என்றாள். இரண்டு தடவையும் அப்படித்தான் ஆரம்பித்ததாம். முதலில் சண்டை நிற்கும், அப்புறம் தூக்கம், அப்புறம் சாப்பாடு. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், நான் ஜெயித்துவிட்டேன் என்ற குஷியில் உன் மன்னிப்பைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து டீ குடித்தேன். நீ அசதி என்று எழுதினாய், வயசு என்று பதில் எழுதினேன். வயசு என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டாம் பார், அதனால் சொன்னேன்.

ஒன்று கேட்கிறேன், வார்டனாகக் கேட்கவில்லை. செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் அதைப் பாப்பாவிடம் வாயால் சொல். அவள் பயப்பட மாட்டாள். முன்னாலேயே தெரியும் அவளுக்கு, நான்தான் சொல்லிவிட்டேனே. அதற்கு நீ என்னைத் திட்டினாய். இப்போது இன்னும் நன்றாகத் திட்டு. உட்கார்ந்து நாலு பக்கத்துக்குத் திட்டி எழுது, எனக்கு அதுதான் வேண்டும்.

நீ சுமை இல்லை. சுமையாக இருந்தாலும் எங்கள் சுமை. அதை இறக்கி வைக்கும் வேலையை உன்னிடம் யாரும் கொடுக்கவில்லை.

கதவைத் திற.

அக்கா


ஜூன் 14

அக்கா,

கை நடுங்குகிறது, புது மாத்திரையால். எழுத்து கோணினால் அட்ஜஸ்ட் செய்துகொள்.

நீ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பாப்பா சொன்னாள். நீ இங்கே இருந்த வாரங்களில் நான் உன்னோடு அதிகம் பேசவில்லை. பேச முடியவில்லை. வாயைத் திறப்பதற்கே எங்கிருந்தோ ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நீ வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு ஏதோ பின்னிக்கொண்டிருந்தாய். அது பரவாயில்லாமல் இருந்தது. பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது பெரிய உபகாரம்.

பாப்பா வந்த அன்றைக்கு நான் கதவைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டேன் என்று அவள் சொல்லியிருப்பாள். உள்ளே வந்ததும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து, நான் எதற்காகவோ சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் என் செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தாள். அவ்வளவுதான். நான் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, வார்டில் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள். "அந்த இருபது மாடிக் கட்டடம் இதுதானாப்பா?" ஆமாம் என்றேன். அவள் கோபப்படவில்லை. "இப்ப எத்தனாவது மாடியில இருக்கீங்க?" என்றாள். கீழ்த்தளம் என்றேன். அதற்கும் கீழே கார் நிறுத்துகிற இடம் ஒன்று இருக்குமே, அங்கே இல்லையே என்றாள். யோசித்துப் பார்த்தேன். வந்த அன்று அங்கேதான் இருந்தேன், இப்போது இல்லை என்றேன். இப்போது தினமும் மாடிதான் கேட்கிறாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்பதற்குப் பொய் சொல்ல முடிந்தது. இதற்கு முடியவில்லை. நேற்று மூன்று, இன்று இரண்டு.

வேகமாக ஏறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயதானவர்களுக்கு மருந்து பிடிக்கவே நாளாகுமாம். இந்தத் தடவை சரியானாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாதாம், நாலு தடவை வந்தது ஐந்தாவது தடவையும் வரலாமாம். லிஃப்ட் நின்றால் ஒயரில் காரணம் இருக்கும், இல்லை மோட்டாரில் இருக்கும், கழற்றிப் பார்த்தால் தெரியும். இதைக் கழற்றிப் பார்த்தும் அவருக்கே தெரியவில்லை. அலுப்பாக இருக்கிறது அக்கா. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நீ வைத்த குழம்பு ரொம்ப உப்பு. அதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீ என் சமையலறையில் வைத்த ஒழுங்கு எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


ஜூன் 25

சிடுமூஞ்சிக்கு,

கடைசிப் பத்தி போலி. காதில் பூ சுற்றாதே.

நான் வைத்த குழம்பை நீ வாயிலேயே வைக்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்தாய், நான் பார்த்தேன். உப்பு எப்படித் தெரியும்? நான் சந்தோஷப்படட்டும் என்று எழுதியிருக்கிறாய். திட்டுகிறவன் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதே என்று எழுத மாட்டான். உன் உண்மையான திட்டு எனக்குத் தெரியும். அதில் மூச்சு விட இடம் இருக்காது.

என்னைத் தேற்ற நீ மெனக்கெட வேண்டாம். இரண்டாவது மாடி என்றால் இரண்டாவது மாடி. அங்கேயே இரு, அவசரம் இல்லை. எனக்கும் அலுப்புத்தான். வந்ததிலிருந்து முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. உன் நாலாவது மாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று உனக்குத் தெரியாது, லிஃப்ட் நடுவில் ஒரு வாரம் முழுக்க வேலை செய்யவில்லை. வீட்டில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தும் படி ஏறினேன் என்று யாரிடம் சொல்லி அழ?

ராத்திரியில் சில சமயம் உன்னை நினைத்தால் அடுத்தது எப்போது என்று பயமாக இருக்கிறது. அப்புறம் தூங்கிவிடுகிறேன். தினமும் பயப்படக் கிழவிக்குச் சக்தி ஏது? கண்ணாடிக்கு அடியில் இருக்கும் உன் மன்னிப்பை எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நேர அட்டையை மட்டும் அதற்கு மேலே வைத்து மறைத்திருக்கிறேன்.

மாத்திரை போடு. எழுத முடியாவிட்டால் எழுதாதே. வெறும் காகிதத்தை உறையில் போட்டு மாடி நம்பரை மட்டும் எழுதி அனுப்பு.

அக்கா


ஜூலை 11

அக்கா,

மூன்று.

தம்பி


ஆகஸ்ட் 30

வார்டன் அம்மாவுக்கு,

என் ஸ்குரூ டிரைவர்கள் எங்கே? பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். பெட்டியில் போடாமல் தனியே வைத்திருந்தவை அவை. நீ வந்து போன பிறகு அந்த இடத்தில் பருப்பு டப்பா உட்கார்ந்திருக்கிறது. வீடு முழுக்கத் தேடிவிட்டு இன்று பார்த்தால், துடைப்பத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாய். அதுவும் உன் ஹாஸ்டல் முடிச்சு, கத்தரிக்கோல் இல்லாமல் அவிழ்க்க முடியாது. இது என்ன பழக்கம்? அடுத்தவர் வீட்டுக்குப் போனால் அங்கே இருப்பதை அப்படியே விட்டு வைக்கத் தெரியாதா உனக்கு? அந்த ஹாஸ்டல் பெண்கள் எப்படித்தான் உயிரோடு வெளியே வந்தார்களோ.

ஸ்குரூ டிரைவர் எதற்கு என்று கேட்பாய். லிஃப்ட் மறுபடியும் உலுக்குகிறது. அந்தக் கம்பெனி ஆள் வந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பூட்டுத் தொடுமுனைக்கு எண்ணெய் விடுகிற மெக்கானிக்கை என் ஆயுளில் இப்போதுதான் பார்க்கிறேன். அவனிடம் என் கருவிப் பெட்டியை வேறு தூக்கிக் கொடுத்திருக்கிறேன். நேற்று அவன் ஆபீசுக்கே போய், "பெட்டியத் திருப்பிக் குடுப்பா, நான் அன்னைக்குச் சுயநினைவோட இல்ல" என்றேன். பாவம், மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிட்டான். ஒரு ஸ்பானர் குறைகிறது. விட மாட்டேன்.

அதே கையோடு இன்னொன்றையும் திருப்பிக் கேட்கிறேன். ஏப்ரல் மாதம் உனக்கு ஒரு மன்னிப்பு எழுதினேன். அது செல்லாது. அப்போது நான் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லியிருப்பேன், இந்தக் கட்டடத்தின் சுவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். இப்போது தெளிவாக யோசித்துச் சொல்கிறேன். என்னைக் கேட்காமல் என் மகளிடம் நீ சொன்னது தப்பு. அது என் உடம்பு, என் கதை, சொல்ல வேண்டியவன் நான். அவள் அன்றைக்கு வந்தது நல்லது. வந்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அவள் வந்தது வேறு, நீ சொன்னது வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுத் துடைப்பத்துக்குப் பின்னால் வைக்காதே. நீ இடித்த கட்டடத்தை அவள்தான் மறுபடி கட்டினாள். அந்தப் பெருமையில் உனக்குப் பங்கு கிடையாது.

அந்தக் காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடு. கடைக்காரர் பார்க்கும்படி எடு.

ஒன்பதாவது மாடி. காலையில் எட்டாக இருந்தது, உன் முடிச்சை அவிழ்க்கும் கோபத்தில் ஒன்று ஏறியிருக்கிறது. மாத்திரை போடுகிறேன். கேட்காதே.

உன் தம்பி


செப்டம்பர் 8

சிடுமூஞ்சிக்கு,

உன் கடிதத்தை மாடியில் படிக்க ஆரம்பித்து, பாதியிலேயே கீழே இறங்கிப் போய்க் கடைக்காரரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். என் கண்ணில் தண்ணீர் நின்று எழுத்துத் தெரியவில்லை. அவர் நாலு வரி படித்துவிட்டு நிமிர்ந்து, "என்னம்மா இவர் இப்படித் திட்டுறார்?" என்றார். மேலே படிங்க, ஒரு வரி விடாமல் படிங்க என்றேன். கடைக்கு வந்தவர்களும் நின்று கேட்டார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கடைக்காரர் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

நான் சொன்னது தப்பு இல்லை. இதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன், பத்துக் காரணம் வைத்திருக்கிறேன். பருப்பு டப்பா கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும், குனிந்து எடுத்தால் உன் முதுகுக்கு நல்லது.

கேட்டதை அனுப்பிவிட்டேன். உன் ஏப்ரல் மாத மன்னிப்பு இந்த உறையிலேயே இருக்கிறது. கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுக்கும்போது டீக் கறை ஒன்று விழுந்துவிட்டது, அதைப் பற்றியும் சண்டை போடு.

அக்கா